வளைவில் உரசும் வண்டி: ஷாக் மாற்றும் முன் ஒரு சாக்பீஸ்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக 350 சிசி க்ரூசர் வண்டி ஓட்டுகிறேன். தனியாகப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. மனைவி பின்னால் உட்கார்ந்து, பையும் மாட்டியிருந்தால், புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலையைச் சுற்றித் திரும்பும்போது வலது பக்கம் ஏதோ கர்ரென்று உரசுகிறது. அங்கே ஒரு கடையில் கேட்டேன். இரண்டு அங்குலம் நீளமான ஷாக் அப்சார்பர் போட்டால் சரியாகிவிடும், 9,000 ரூபாய் என்கிறார்கள். ஃபுட்ரெஸ்ட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டையும் கழற்றிவிடலாமாம். அடுத்த மாதம் கொல்லிமலை போகிறோம். போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. தனியாகப் போனால் உரசவில்லை, இரண்டு பேரும் பையும் ஏறினால் உரசுகிறது. அப்படியென்றால் வண்டியின் அமைப்பு சரியாகத்தான் இருக்கிறது. பாரம் ஏறியதும் பின்பக்கம் அளவுக்கு மேல் அமுங்குகிறது. அதற்கு ஷாக் அப்சார்பரின் அடியில் (சில வண்டிகளில் மேலே) படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும், பாருங்கள். மெக்கானிக்குகள் 'ஷாக்கை டைட் வைக்கிறது' என்பது அதைத் திருப்புவதைத்தான். 350 சிசி வண்டிகள் பலவற்றில் ஆறு படிகள் உண்டு. வண்டியோடு கொடுத்த டூல் கிட்டில் கொக்கி போல வளைந்த ஸ்பேனர் ஒன்று இருக்கும். பிரிக்காமலே கிடக்கிறது என்று நினைக்கிறேன், நிறையப் பேர் வீட்டில் அப்படித்தான். வளையம் முதல் படியிலோ இரண்டாவது படியிலோ இருந்தால், இரண்டு பேர் போகும்போது நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். தனியாகப் போகும் நாளில் பழைய படிக்கே இறக்கிவிடலாம், இல்லையென்றால் முதுகு வலிக்கும்.

எவ்வளவு ஏற்றினால் போதும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு டேப் வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில் நட்டிலிருந்து அதற்கு நேர் மேலே ஏதாவது ஓரிடம் வரை அளந்து கொள்ளுங்கள். அப்புறம் இருவரும் பையோடு உட்காருங்கள், பக்கத்து வீட்டுப் பையன் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஷாக்கின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. 100 மி.மீ. அசையும் ஷாக் என்றால் சுமார் 30 முதல் 35 மி.மீ. கடைசிப் படியில் வைத்தும் ஐம்பதைத் தாண்டுகிறது என்றால் ஸ்பிரிங் உங்கள் பாரத்துக்குப் போதவில்லை, அல்லது ஷாக் வேலை செய்து களைத்துவிட்டது. எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். அப்போதுதான் ஷாக் வாங்கும் பேச்சே வர வேண்டும். அப்போதும் அதே நீளத்தில், கனமான ஸ்பிரிங் உள்ளதாக வாங்குங்கள்.

அடுத்தது, உரசுவது எது? நம் ஊரில் ரவுண்டானாவைச் சுற்றும்போது வண்டி வலது பக்கம் சாயும். அதனால் உங்கள் விஷயத்தில் சந்தேகப்பட வேண்டியவை சைலன்சர், பிரேக் பெடல், வலது ஃபுட்ரெஸ்ட், லெக் கார்டு. இந்த நான்கின் அடிப்பக்கத்திலும் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். ஒருமுறை இருவரும் போய் வாருங்கள். எங்கே வெள்ளை அழிந்து இரும்பு பளபளக்கிறதோ அதுதான் ஆள். (இடது பக்கம் உரசுவதாக எழுதுகிறவர்களுக்கும் இதேதான். அங்கே பெரும்பாலும் சைடு ஸ்டாண்டு மாட்டும்: ஸ்பிரிங் தளர்ந்து முழுதாக மேலே ஏறாமல் தொங்கும். அல்லது சேலை கார்டோடு வரும் காலடித் தட்டு. தட்டை மடக்கியோ உயர்த்தியோ கட்டலாம். கார்டைக் கழற்றி வீசிவிடாதீர்கள், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்க மத்திய மோட்டார் வாகன விதிகளே அந்த மறைப்பைக் கேட்கின்றன.)

லெக் கார்டில்தான் வெள்ளை அழிந்திருக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. கடையில் போடும் அகலமான குழாய் கார்டுகள் பார்வைக்கு நன்றாக இருக்கும், வளைவில் முதலில் தரையைத் தொடுவதும் அவைதான். வண்டிக் கம்பெனியே விற்கும் குறுகலான கார்டாக மாற்றினால் வேலை முடிந்தது.

ஃபுட்ரெஸ்ட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டில் அழிந்திருந்தால், பயப்பட ஒன்றும் இல்லை. அது தரையைத் தொடுவதற்கென்றே வைத்தது. 'இதற்கு மேல் சாய்க்காதே' என்று முதலில் சத்தம் போடும் பொருள் அது. ஃபுட்ரெஸ்ட்டும் மேலே மடங்கிக் கொடுக்கும். அந்த போல்ட்டைக் கழற்றினால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகச் சாய்க்கலாம், உண்மைதான். ஆனால் அடுத்து தரையைத் தொடுவது சைலன்சரோ, ஃபிரேமோடு சேர்ந்த கம்பியோ. அவை மடங்காது. வண்டியின் எடையைத் தாங்கி டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அப்படி விழுந்தவர்களுக்கு ஏன் விழுந்தோம் என்றே புரியாது. அந்த போல்ட் தேய்ந்து போயிருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

இனி அந்த இரண்டு அங்குலக் கதை. பின்னால் ஷாக் நீளமானால் பின்சக்கரப் பக்கம் உயரும், முன்பக்கம் அப்படியே இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் லெக் கார்டுக்கும் கிடைப்பது ஏறக்குறைய பாதி. இரண்டு அங்குலத்துக்குக் காசு கொடுத்து ஒரு அங்குலம் வாங்குகிறீர்கள். போதாததற்கு வண்டி முன்னால் குனிந்து, ஹேண்டில் திரும்பும் கோணம் சுமார் இரண்டு டிகிரி செங்குத்தாகிவிடும். நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போது முன்பக்கம் நிலையாக இருக்காது. சைடு ஸ்டாண்டில் போட்டால் வண்டி இன்னும் சாய்ந்து நிற்கும், சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தரையிலேயே இருக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மில் செயின் தேயலாம். ஷாக்குக்கு அடியில் இரும்புத் துண்டு வைத்து உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள்.

சட்டமும் கொஞ்சம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019 திருத்தம் இடம் கொடுக்கிறது. போலீஸ் பிடிப்பதை விட, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் அந்த ஷாக்கைப் பார்த்து என்ன எழுதுவார் என்பதுதான் என் கவலை. வாரண்டி ஓடிக் கொண்டிருந்தால், இதனால் அது பாதிக்குமா என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். வாயால் 'ஒண்ணும் ஆகாது சார்' என்பது கணக்கில் வராது.

எல்லாம் பார்த்த பிறகும் ஷாக் வாங்குவதாக இருந்தால் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் பாகத்தின் எண்ணும், எந்த மாடலுக்கு என்பதும் இருக்கட்டும். பொருள் குறையோடு இருந்து, பில்லில் திரும்ப எடுக்கும் கெடு எதுவும் எழுதவில்லை என்றால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது. தகராறு என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். கடை புதுச்சேரியில் இருந்தாலும் வழக்கு போட அங்கே அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கொல்லிமலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் 25 கி.மீ. வேகத்தில் போனால் வண்டி 26 டிகிரி சாய வேண்டும். 30-இல் போனால் 35 டிகிரி. வெறும் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்பது டிகிரி! எந்த ஷாக்கும் அவ்வளவு தராது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று விடாமல் லேசாகப் பிடித்தே போங்கள். சட்டென்று விட்டாலோ முன் பிரேக்கைப் பிடித்தாலோ முன்பக்கம் அமுங்கி, இருக்கிற இடைவெளியும் போய்விடும். மனைவியை உங்களோடு சேர்ந்து சாயச் சொல்லுங்கள், எதிர்ப்பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தால் வண்டி இன்னும் அதிகம் சாய வேண்டிவரும்.

கேள்வி: மகனுக்கு வண்டி பார்க்கிறோம். ஒன்றில் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ., இன்னொன்றில் 160. அதிகம் உள்ளதுதான் வளைவுக்கு நல்லதா? (அரியாங்குப்பம் வாசகி)

பதில்: அந்த எண் ஸ்பீடு பிரேக்கருக்கு. வண்டி நேராக நிற்கும்போது அடியில் மிகத் தாழ்வான இடத்தின் உயரம் அது, அந்த இடம் பெரும்பாலும் நடுவில் இருக்கும். வளைவில் இடிப்பது ஓரத்தில் நீட்டிக் கொண்டிருப்பவை. 170 இருக்கும் க்ரூசரில் ஃபுட்ரெஸ்ட் முன்னால், அகலமாக, தாழ்வாக இருக்கும். 160 இருக்கும் சாதாரண வண்டியில் பின்னால், உயரத்தில் இருக்கும். சாய்ப்பதற்கு இரண்டாவதே மேல். 2025-இல் ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350-க்கு 10 மி.மீ. கூடி 160 ஆனது, அதுவே சைலன்சர் குழாய் போகும் வழியை மாற்றியதால்தான். டெஸ்ட் ரைடுக்கு மகன் தனியாகப் போக வேண்டாம், நீங்களும் பின்னால் ஏறிக் கொள்ளுங்கள். ஷோரூம்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: பின் டயரை 130-லிருந்து 140-க்கு மாற்றினால் வண்டி உயருமாமே? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: 130/70-க்குப் பதில் 140/70 என்றால் (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், அடுத்தது அதில் எத்தனை சதவீதம் உயரம் என்பது) 7 மி.மீ. உயரும். ஆனால் டயர் அகலமானால் அதே வேகத்தில் அதே வளைவுக்கு வண்டியை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும், உயர்ந்ததில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். ரிம்மின் அகலம் ஒத்துக்கொள்ளாவிட்டால் டயரின் வடிவமும் கெடும். தேய்ந்தால் பழைய அளவையே வாங்குங்கள்.