தோற்ற வாக்குகள் எங்கே போயின?

அன்புள்ள ஐயா,

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணி 45 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளோடு 159 இடங்களையும், அதிமுக கூட்டணி 40 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளோடு 75 இடங்களையும் பெற்றன. சென்னையின் 16 தொகுதிகளில் அதிமுக அணிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ராயபுரத்தில் ஐந்து முறை வென்ற டி. ஜெயக்குமாரும் தோற்றார். அந்த அணிக்கு வாக்களித்த வடசென்னைக்காரர்களின் வாக்கு வீண்தானே? இதை எப்படி மக்கள் தீர்ப்பு என்பது? கட்சிகள் பெறும் வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்களைப் பகிரும் விகிதாச்சார முறைதான் இதற்குத் தீர்வு என்று நினைக்கிறேன்.

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

உங்கள் கணக்கு சரி. ஆனால் சென்னையோடு நிறுத்திக்கொண்டதால் அது ஒரு கட்சிக்கு நேர்ந்த அநீதியைப்போலத் தெரிகிறது. அதே தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அதிமுக கூட்டணி வென்றது. அங்கே திமுகவுக்கு வாக்களித்தவருக்கும் உங்கள் மனக்குறைதான் இருந்திருக்கும்.

தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் இந்தத் தேர்தல் முறை எல்லாக் கட்சிகளையும் தூக்கியிருக்கிறது, எல்லாக் கட்சிகளையும் சாய்த்துமிருக்கிறது. 1967இல் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்ற காங்கிரஸ், கூட்டணியோடு 174 இடங்களில் மட்டும் நின்ற திமுகவைவிடச் சற்றுக் கூடுதலான வாக்குகளைப் பெற்றும், 137க்கு எதிராக 51 இடங்களோடு ஆட்சியை இழந்தது. ராஜீவ் காந்தி கொலையை அடுத்து நடந்த 1991 தேர்தலில், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கிய திமுகவுக்கு 234இல் கிடைத்தவை இரண்டே இடங்கள். அவற்றில் ஒன்று நம் துறைமுகம் தொகுதி. அங்கே கருணாநிதியே ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் தப்பினார். (உறுப்பினர் பதவியையும் உடனே துறந்தார் என்பது தனிக்கதை.) அடுத்து 1996இல், அதே அளவு வாக்குகளோடு நான்கு இடங்களுக்குச் சுருங்கும் முறை அதிமுகவுக்கு வந்தது.

ஆகவே இழப்பைக் கட்சியின் கணக்கில் எழுதாமல் வட்டாரத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அப்போது திருவொற்றியூர், பொன்னேரி இரண்டும் ஆளும் அணியிடமே இருந்தன. ஆளும் அணி உறுப்பினர் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை; ஆனால் தன் அமைச்சரையே அவையில் மடக்கிக் கேட்கும் அவசியம் அவருக்கு இல்லை. அந்தக் கேள்வியைப் பிழைப்பாகவே கொண்ட ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அவையில் இல்லாமல் போனதே உண்மையான நட்டம், அது திமுகவுக்கு வாக்களித்த எண்ணூர் மீனவருக்கும் சேர்த்துத்தான்.

முழு விகிதாச்சார முறையை நான் ஏற்கவில்லை. பட்டாவுக்கும் குடிநீருக்கும் எம்.எல்.ஏ. அலுவலக வாசலில் நிற்கும் வழக்கமுள்ள நம் பகுதியில், தொகுதிக்கென்று ஒருவர் இல்லாத ஏற்பாடு ஏழைகளுக்கே பாதகமாகும். ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. அந்த வழியையே நான் விரும்புகிறேன். ஆனால் சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 170ஆம் பிரிவு சொல்வதால், அதற்கு நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்த வேண்டும். இதே முறையில் வென்று அங்கே போனவர்கள் அதற்கு இசைவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.