ரவிவர்மாவுக்கென்றே ஒரு கேலரி

கேள்வி: அக்கா, நாங்கள் களியக்காவிளையில் இருக்கிறோம். திருவனந்தபுரத்தில் ரவிவர்மா படங்களுக்கென்றே தனி கேலரி இருக்கிறதாமே? பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் படம் வரைவதில் ரொம்ப ஆசை. கூட்டிப்போகலாமா?

பதில்: கட்டாயம் கூட்டிப்போங்கள் தங்கச்சி. நேப்பியர் மியூசியம் வளாகத்தில் 2023-இல் திறந்தார்கள். 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்களை நம் பக்கத்துப் பூஜையறைகளில் பார்த்தே வளர்ந்தோம். அசலைப் பார்ப்பது வேறு அனுபவம்.

அன்னத்தோடு நிற்கும் தமயந்தியின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள். 1899-இல் வரைந்தது. சேலைக் கரையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வெறும் வண்ணத் தீற்றல்தான். நாலடி பின்னால் வந்தால் ஜரிகை மின்னும். எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத இடம் அது. மகளையும் முன்னும் பின்னும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இந்தக் கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள்: எண்ணெய் வண்ணம் தீட்டுவதை அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுக்க, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.

திங்கட்கிழமை விடுமுறை, வேறு நாளில் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள்.