பெரியப்பா சொல்லும் பள்ளிக்கூடம் இப்போது இல்லை

உங்கள் கடிதம் கிடைத்தது அம்மா. மகள் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம். அவளுடைய பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "பி.எட். முடிச்சுட்டு கவர்மெண்ட் டீச்சர் ஆயிடு, பொம்பளப் பிள்ளைக்கு அதைவிட நல்ல வேலை எது?" என்று அவர் சொன்னதில் தொடங்கி, மூத்த மகனின் மாமனார் வீடு வரைக்கும் எல்லாரும் அதையே பேசுகிறார்கள். மகள் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கணிதம் படித்த பிள்ளைக்கு வழி இல்லாமல் போகாது, பயப்படாதீர்கள். ஆறுதல் இவ்வளவுதான். இனி நான் சொல்வதில் சிலது உங்களுக்குப் பிடிக்காது.

அந்த வேலைக்கு நீங்கள் எழுதியிருக்கும் காரணங்களைப் பாருங்கள்: ஒன்பது மணிக்குப் போய் நாலு மணிக்கு வந்துவிடலாம், மே மாதம் முழுக்க விடுமுறை, பென்ஷன், கல்யாணத்துக்கு மதிப்பு. பாடம் நடத்துவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் மகளுக்கு அது பிடிக்குமா என்று ஒரு வரி இல்லை. ஆசிரியர் வேலையை அதன் விடுமுறைக்காகத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் முதல் இரண்டு வருடத்திலேயே சோர்ந்துபோகிறார்கள்.

பெரியப்பா நினைவில் வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உங்கள் மகள் போகப்போகும் பள்ளிக்கூடத்துக்கும் பெயர்ப்பலகை மட்டும்தான் ஒன்று. ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் முதல் வேலை, எமிஸ் என்கிற கல்வித் துறைச் செயலியில் வருகைப் பதிவு. சிக்னல் இல்லை என்றால் வாசலுக்கும் வகுப்புக்கும் நடை. அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் "மிக அவசரம், இன்று மதியத்துக்குள்" என்று ஒரு படிவம் வந்து நிற்கும். நடுநிலைப் பள்ளியில் எழுத்தர் கிடையாது. கல்வி உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு, ஆதார், சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் உயரம் எடை என்று எல்லாவற்றையும் ஆசிரியர்தான் சேகரித்து ஏற்ற வேண்டும். பாடநூல், நோட்டு, சீருடை, காலணி வந்தால் எண்ணி வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடத்த வேண்டும், அதன் புகைப்படத்தை ஏற்ற வேண்டும். சக ஆசிரியர் விடுப்பு எடுத்தால் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்தால், முதலில் கேட்பது பதிவேட்டைத்தான். இதற்கு நடுவில் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் புரிய வைக்க வேண்டும். அந்த ஏழாம் வகுப்பில் நாலு பேருக்குப் பெருக்கல் வராது, இரண்டு பேருக்குத் தமிழே கூட்டிப் படிக்க வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்குகளே போதும். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் வீடு வீடாகப் போக வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியில் பெட்டியோடு தங்க வேண்டும். "பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பான வேலை" என்பவர்கள் இந்த இரவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அப்புறம், எந்த ஊர்? முதல் பணியிடம் சொந்த மாவட்டத்தில் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கிடைத்தாலும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் உபரி ஆசிரியர் ஆகிவிடுவாள், பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். மாறுதல் கலந்தாய்வில் தன் முறை வருவதற்குள் வேண்டிய இடம் போய்விட்டது என்று வருத்தப்படாத ஆசிரியரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பென்ஷன் விஷயத்தில் பெரியப்பாவிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். அவர் வாங்கும் பழைய ஓய்வூதியம் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு நிறுத்தப்பட்டது. சம்பளத்தில் பத்து சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டம்தான் அவர்களுக்கு வந்தது. அதற்காகத்தான் அத்தனை வேலைநிறுத்தங்களும் மறியல்களும் நடந்தன. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், ஒரு நாள் முன்னால் சேர்ந்தவர்களைவிடக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தில் இருக்கிறோம் என்று தெருவில் உட்கார்ந்த கதையும் அவருக்குத் தெரிந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த தேதியே தலையெழுத்தாகிற துறை அது.

உள்ளே போவதற்கான வரிசையும் நீளம். பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு, அதில் தேறினாலும் 2018 அரசாணைக்குப் பிறகு பணி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு. 2013-இல் தகுதித் தேர்வில் வென்றுவிட்டு வருடக்கணக்கில் வேலைக்காகக் காத்திருந்து போராடியவர்கள் உண்டு. "பி.எட். இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்காவது பாடம் எடுக்கலாமே" என்று சித்தி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கதவும் மூடப்பட்டுவிட்டது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் நிலையையும் பாருங்கள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு மறுபடி வினாத்தாளைக் கையில் எடுக்கும் அந்த ஆசிரியர்களின் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் மேல் அந்த வேலையை ஆசையோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகள் ஓடுவதே அவர்களால்தான். பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது பிடித்தவர்களுக்கு எமிஸும் தேர்தலும் ஒரு தொல்லை, அவ்வளவுதான். பிடிக்காதவர்களுக்கு அதுவே முழு வேலையாகிவிடும்.

பணம் விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. நிதியுதவி பெறும் பள்ளியில் லட்சக்கணக்கில் கொடுத்தால் போஸ்டிங் வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார், நகையை வைத்துப் புரட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ரசீது இல்லாத பணம் அது. நியமனத்துக்குத் துறை ஒப்புதல் வராவிட்டால் சம்பளமும் வராது, பணமும் திரும்பாது, புகார் கொடுக்க உங்களால் முடியவும் முடியாது. வகுப்புக்கே வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்கிற பி.எட். கல்லூரிக்கும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பாடம் நடத்தப் பழகாமல் வகுப்பில் போய் நிற்கும் பெண் முதல் வாரமே அழுதுகொண்டு வருவாள்.

சரி, வேறு என்ன செய்வது? போட்டித் தேர்வு, வங்கி, ஐ.டி. பற்றி உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்வார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் கண் பார்வை மிகவும் மங்கிய ஒரு பையனோடு மட்டும் உங்கள் மகள் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறாள். அட்டையில் கம்பளி நூலை ஒட்டி அவனுக்கு வரைபடம் செய்து கொடுக்கிறாள். மற்ற பெற்றோர்கள் முணுமுணுக்கிறார்கள். அவள் எது செய்ய விரும்புகிறாள் என்று தெரியவில்லை என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்!

சிறப்புக் கல்வி என்று ஒரு துறை இருக்கிறது. பி.எட்.-லேயே சிறப்புக் கல்வி தனிப் படிப்பு. அதற்கு அங்கீகாரம் தருவது 1992 சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம், எல்லாரும் ஆர்.சி.ஐ. என்பார்கள். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் என்று ஏதாவது ஒரு பிரிவில் சேர வேண்டும். முடித்ததும் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறி ஒரு பதிவு எண் கிடைக்கும். அது இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பதிவைப் புதுப்பிக்க அவ்வப்போது பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

கணிதம் படித்தவர்கள் இந்தப் பக்கம் வருவது அபூர்வம். பார்வையற்ற பிள்ளை ஒன்று கணக்கில் தடுமாறினால், "உனக்குக் கணக்கு எதுக்கு?" என்று சுற்றியிருப்பவர்களே கலைப் பாடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பல நேரம் அங்கே குறை பிள்ளையிடம் இல்லை, கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் இல்லை. டெய்லர் ஃபிரேம் என்று ஒரு கருவி உண்டு. நட்சத்திர வடிவக் குழிகள் கொண்ட பலகை, அதில் சின்ன உலோகக் கட்டைகளைச் செருக வேண்டும். கட்டை எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதுதான் எண். பிள்ளை அதைத் தடவித் தடவிக் கூட்டும், பெருக்கும். அபாகஸ் உண்டு. இயற்கணிதத்துக்கு நெமெத் என்கிற பிரெயில் முறை உண்டு. வடிவியலுக்கு ரப்பர் விரிப்பின் மேல் தாளை வைத்துப் பல்சக்கரத்தை ஓட்டினால் கோடு மறுபக்கம் புடைத்துக்கொண்டு வரும், விரலால் முக்கோணத்தைத் தொட்டுப் பார்க்கலாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உங்கள் மகள் கம்பளி நூலில் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

வேலை வகுப்பறைக்குள் மட்டும் முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் எழுத வேண்டும்: இப்போது என்ன தெரியும், மூன்று மாதத்தில் எதுவரை போகலாம், அதைச் சின்னச் சின்னப் படியாக எப்படி உடைப்பது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்குப் போக வேண்டும். மருத்துவ முகாமுக்கு அழைத்துப்போக வேண்டும், பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்க விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரிடம் பேசுவதுதான் இதில் கடினமான பகுதி என்பேன். முன்னேற்றம் மிக மெதுவாக வரும், சில பிள்ளைகளிடம் ஒரு வருடத்துக்கு எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளை இருபத்தொன்றாக ஆக்கியது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் வலியுறுத்தியது. அதன்படி பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவு போட்டது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் சிறப்புப் பயிற்றுநரை நியமிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை இருக்கிறது. தொண்டு நிறுவனப் பள்ளிகள், சிகிச்சை மையங்களிலும் வேலை உண்டு.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கு உதவ அரசு வைத்திருக்கும் வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள், நிரந்தரம் கேட்டு வருடங்களாகக் குரல் கொடுக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு வந்த மறுநாளே வேலை வந்துவிடாது. அதனால் கடன் வாங்கிப் படிக்க வைக்காதீர்கள். முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தின் சிறப்புக் கல்விப் புலம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களை முதலில் விசாரியுங்கள். படிப்பின் கால அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஆகவே பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் பிரிவுக்கு, அந்த வருடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜெண்டு காட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள். பெரியப்பாவுக்கு ஒரு தகவல்: சிறப்புக் கல்வி பி.எட்.-ஐயும் தகுதித் தேர்வுக்கான படிப்பாகத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010-லேயே சேர்த்திருக்கிறது.

"அந்த மாதிரிப் பிள்ளைகளோட வேலைன்னா மாப்பிள்ளை வீட்ல என்ன நினைப்பாங்க?" என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். அப்படிக் கேட்கும் வீட்டுக்கு மகளைக் கொடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மே மாதத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். மகளை உங்கள் ஊருக்குப் பக்கத்து வட்டார வள மையத்துக்கு அனுப்பி, அனுமதி வாங்கி இரண்டு நாள் ஒரு சிறப்புப் பயிற்றுநரோடு இருக்கச் சொல்லுங்கள். பூந்தமல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. கூடவே ஒரு நடுநிலைப் பள்ளியிலும் ஒரு முழு நாள் இருக்கட்டும், காலை வருகைப் பதிவில் இருந்து கடைசி மணி வரைக்கும். நீங்கள் கூடப் போக வேண்டாம், பெரியப்பா நிச்சயமாக வேண்டாம். திரும்பி வந்து அவள் எது சொன்னாலும் ஒரு வாரத்துக்குப் பதில் சொல்லாமல் இருங்கள். சாதாரண ஆசிரியர் வேலைதான் வேண்டும் என்று அவளே சொன்னால் அதுவும் நல்லதுதான். அப்போது எம்.எஸ்சி.யும் படிக்கட்டும், முதுகலை ஆசிரியர் தேர்வுக்கான பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள்.