வால்நட் சாப்பிட்டதும் தொண்டை இறுகுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 46. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கொலஸ்ட்ரால் குறைய, இரண்டு மாதமாகக் காலையில் மாத்திரை போட்டதும் ஊறவைத்த வால்நட் ஒரு கைப்பிடி சாப்பிடுகிறேன். கொஞ்ச நாளாக நாக்கு அரிக்கிறது. போன வாரம் கழுத்தில் தடிப்பு வந்தது, தொண்டை இறுகியது, குரலும் கம்மிவிட்டது. செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டதும் அடங்கியது. இது நச்சு வெளியேறும் அறிகுறி என்று இணையத்தில் படித்தேன். உண்மையா? ஊறவைத்தது போதவில்லையா? எடை கூடுமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். ஒரு துண்டுகூட வேண்டாம். நச்சு வெளியேறுவதால் யாருக்கும் தொண்டை இறுகாது. அப்படி எழுதியவர் உங்களை ஆபத்தில் தள்ளுகிறார். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வால்நட் ஒவ்வாமை. இத்தனை நாள் ஒத்துக்கொண்ட உணவுக்கும் நடுவயதில் ஒவ்வாமை தொடங்கலாம்.

வால்நட் தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சிலருக்கு நாக்கைக் காந்தவைக்கும். காறிப்போன பருப்பு தொண்டையைக் கரகரக்கவைக்கும். இரண்டும் அங்கேயே நின்றுவிடும். கழுத்தில் தடிப்பை எழுப்பாது, குரலை மாற்றாது. தோலும் தொண்டையும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரே விஷயம். இது அனஃபிலாக்சிஸின், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம். அடுத்த முறையும் இதே அளவில் நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆஸ்துமா, காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, மது, இபுபுரோஃபென் வகை வலி மாத்திரை ஆகியவை ஒவ்வாமையின் வேகத்தைக் கூட்டக்கூடும்.

செட்ரிசினை நம்பாதீர்கள். அரிப்பையும் தடிப்பையும் அது குறைக்கும். மூச்சுப்பாதை வீங்கினால் அதைத் திறக்காது, சரியும் ரத்த அழுத்தத்தையும் தூக்காது. அதற்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து. தொடையின் வெளிப்புறத்தில், நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும், பெரியவர்களுக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் ஒன்று. தெரியாமல் வால்நட் சாப்பிட்டு தொண்டை இறுக்கம், மூச்சிரைப்பு, தலைசுற்றல், தொடர் வாந்தி என்று ஏதாவது வந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுக் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம். எழுந்து நடக்கக் கூடாது. அடங்கிய பிறகும் சில மணி நேரம் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருங்கள். சிலருக்குத் திரும்ப வரும்.

இந்த வாரமே ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். தோல் குத்துப் பரிசோதனை செய்வதாக இருந்தால் அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசினை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் முடிவு பொய்யாகும். ஒவ்வாமைக்கான எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ஐ.ஜி.ஈ. ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அட்ரினலின் ஊசி கையில் வைத்திருக்க வேண்டுமா என்பதை அவரிடமே கேளுங்கள். அதுவரை பீக்கன் கொட்டையையும் தொடாதீர்கள். அதன் புரதம் வால்நட்டுடையதை மிகவும் ஒத்தது. கேக், பிரௌனி, பெஸ்டோ வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். "கொஞ்சமாகத் தின்று பார்க்கிறேன்" என்ற வீட்டுச் சோதனை கூடவே கூடாது.

ஊறவைத்த நேரத்தில் குற்றமில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் ஊறினாலும் போகாது, வறுத்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஒவ்வாமை இல்லாதவர் ஊறவைக்காமலே தின்னலாம். எடையைப் பற்றியும் கவலை வேண்டாம்: 30 கிராம், அதாவது சுமார் 14 அரைப்பருப்பு, 190 கலோரிதான்.

வால்நட்டை விட்டால் கொலஸ்ட்ரால் ஏறிவிடுமோ என்று பயப்படாதீர்கள். தினமும் ஒரு கைப்பிடி தின்றால் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சில சதவீதம் குறையும், அவ்வளவே. கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரை அதை 30 முதல் 50 சதவீதம் குறைக்கும். உங்களுக்கு அது தேவையா என்று எல்.டி.எல்., ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்ப வரலாறு பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வால்நட்டின் தாவர ஒமேகா-3 ஆளிவிதையிலும் சோயா எண்ணெயிலும் உண்டு; அவற்றைச் சேர்ப்பதற்கு முன்பும் நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரையை ஒட்டி வால்நட் தின்றது இன்னொரு தவறு. அது மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இப்போது வால்நட்டை நிறுத்தினால் அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்யத் தொடங்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். அதற்குள் படபடப்போ கைநடுக்கமோ வந்தால் முன்கூட்டியே பாருங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.