டக் என்று நின்ற மைக்ரோவேவ்: ஃபியூஸோடு கதவு சுவிட்சையும் பாருங்கள்

பால் சூடாக்கிவிட்டுக் கதவைத் திறந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு மணி காட்டும் திரைகூட எரியவில்லை என்கிறீர்கள். சரி, முதலில் அதே பிளக் பாயிண்டில் அயர்ன் பாக்ஸைச் செருகிப் பாருங்கள், அது சூடானால் கரண்டில் குறையில்லை. அப்புறம் பெரும்பாலும் உள்ளே ஃபியூஸ்தான் போயிருக்கும். கதவுக் கொக்கி அழுத்துகிற சின்ன சுவிட்சுகளில் ஒன்று ஒட்டிக்கொண்டால், கதவு திறந்த நிலையில் ஓடக்கூடாது என்பதற்காக ஃபியூஸ் எரிகிற மாதிரியே அமைத்திருப்பார்கள். அதனால் ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும், மெக்கானிக்கிடம் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள் (எங்கள் வீட்டில் அப்படித்தான் இரண்டு முறை தண்டச் செலவு). நீங்களே மட்டும் மூடியைக் கழற்றாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 2000 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கலாம்.