கிழமைக்குக் கிழமை வாங்கி விற்றால் காசு எங்கே போகிறது?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் ஆசிரியராக இருக்கிறேன். தங்கச்சிக்கு அடுத்த வருடத்துக்குள் வீடு கட்டி முடிக்க வேண்டும். அதற்கென்று இருந்த சேமிப்பு 2 லட்சம், மனைவியின் நகையை ஈடு வைத்து எடுத்தது 3 லட்சம், ஆக 5 லட்சம் ரூபாவைக் கொழும்புப் பங்குச் சந்தையில் போட்டேன். சுட்டெண் (சந்தை முழுவதன் விலைப் போக்கைக் காட்டும் எண்) இறங்கிய கிழமை வாங்கி, ஏறிய கிழமை விற்கிறேன். ஐந்து மாதத்தில் பத்துத் தடவை இப்படிச் செய்தாயிற்று. இப்போது எல்லாம் பங்காக இருக்கிறது, பெறுமதி 4 லட்சத்து 10 ஆயிரம்தான். நகைக்கு மாதம் 4,500 ரூபா வட்டி, இன்னும் கட்டவில்லை. புரோக்கரிடம் பங்கையே ஈடாக வைத்து மாஜின் கடனும் எடுத்தால் விட்டதைப் பிடிக்கலாம் என்கிறார் மச்சான். என் கணிப்பில் எங்கே பிழை?

பதில்: உங்கள் கணிப்பை நான் குறை சொல்லமாட்டேன். வாங்கும்போதும் விற்கும்போதும் புரோக்கர் அனுப்பும் கணக்குச் சீட்டை, அதாவது கொன்ட்ரக்ட் நோட்டை எடுத்து, விலைக்குக் கீழே உள்ள கட்டணங்களைப் பாருங்கள். தரகுக் கூலி 0.64 வீதம், பங்குக் கொடுக்கல் வாங்கல் வரி 0.30 வீதம், மற்றச் சில்லறைக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 1.12 வீதம். இது வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. ஒரு சுற்றுக்கு 2.24 வீதம்.

5 லட்சத்துக்கு அது 11,200 ரூபா. பத்துச் சுற்றுக்கு 1 லட்சத்து 12 ஆயிரம். போட்ட காசு குறையக் குறைய கட்டணமும் குறைந்திருக்கும், சரி, 1 லட்சம் என்றே வைப்போம். நீங்கள் இழந்திருப்பதோ 90,000. அப்படியென்றால் நீங்கள் வாங்கிய பங்குகள் பத்தாயிரம் ரூபா அளவில் உழைத்தே தந்திருக்கின்றன! அதையும் சேர்த்துத் தின்றது கிழமைக்குக் கிழமை மாற்றும் பழக்கம். இதற்கு மேல் நகை வட்டி 22,500.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்குச் சந்தை மூடிய பிறகு நீங்கள் பார்க்கிற ஏற்ற இறக்கம், நடந்து முடிந்த வியாபாரம். திங்கட்கிழமை அதையே வைத்து வாங்கப் போகிறவர்கள் ஆயிரம் பேர். அதோடு சுட்டெண்ணைப் பெரிய கம்பெனிகள்தான் இழுக்கும். அது ஏறியதற்காக உங்கள் கையில் உள்ள சிறிய பங்கும் ஏற வேண்டும் என்று இல்லை.

மாஜின் கடனைத் தயவுசெய்து தொடாதீர்கள். விலை இறங்கினால் மேலும் காசு கட்டச் சொல்வார்கள், கட்டாவிட்டால் உங்கள் பங்கை அவர்களே விற்றுவிடுவார்கள். 2022 சித்திரைப் புத்தாண்டு முடிந்து, ஏப்ரல் 18இலிருந்து ஐந்து நாள் சந்தையையே மூடி வைத்தார்கள். 25ஆம் திகதி திறந்ததும் சுட்டெண் 12 வீதத்துக்கு மேல் விழ, வர்த்தகத்தை நிறுத்தினார்கள். இந்தக் கிழமை விற்கலாம் என்று இருந்தவர்களால் விற்க முடியவில்லை. கடன்காரன் வட்டியை மட்டும் அன்றும் எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

ஆகவே, எல்லாவற்றையும் ஒரேயடியாக விற்றுவிடுங்கள். அதற்கு 4,600 ரூபா அளவில் போகும். அசலும் வட்டியுமாக 3,22,500 கட்டி முதலில் நகையை மீட்டு மனைவியின் கையில் கொடுங்கள். 83,000 ரூபா போல மிஞ்சும். குறைவுதான், மனம் கஷ்டப்படும், தெரிகிறது. ஆனால் அடுத்த வருடம் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டிய காசு பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. அதை நிலையான வைப்பிலோ, அரசாங்கம் கடன் வாங்க விற்கும் 364 நாள் திறைசேரி உண்டியலிலோ போட்டு, சம்பளத்திலிருந்து மாதாமாதம் சேருங்கள். வீடு ஒரு போகம் பிந்தினாலும் பரவாயில்லை, தங்கச்சியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பங்கில் ஆசை விடவில்லையென்றால் வீட்டு வேலை முடியட்டும். அப்புறம் மாதம் ஒரு தொகை, சம்பளம் வந்த மறுநாள், நல்ல கம்பெனி ஒன்றோ இரண்டோ. வருடக்கணக்கில் விற்காமல் வைக்கக்கூடிய காசு மட்டும். மச்சான் திரும்பவும் மாஜின் என்று வந்தால், கடனை அவர் பெயரிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.