நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் பட்டறையில் ஆளுக்கொரு சக்கர வண்டி செய்து கருவிகளை வைக்கலாமா?

கேட்டவர் தக்கலை பக்கம் நாலு பேராக ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கு மர வேலை, இரண்டு பேருக்கு வெல்டிங். கருவிகள் கலந்துபோய்த் தினமும் தேடல், மனக்கசப்பு. அதனால் ஆளுக்கொரு வண்டி என்று யோசிக்கிறார். நானும் மார்த்தாண்டம் பக்கம் இப்படியொரு கூட்டுப் பட்டறையில் மர வேலை செய்கிறவன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஆளுக்கொரு வண்டி வேண்டாம். வேலைக்கொரு வண்டி செய்யுங்கள்.

ஆளுக்கொன்று என்று போனால் நாலு வண்டியிலும் டிரில் இருக்கும், நாலிலும் ஸ்க்ரூ டப்பா இருக்கும், நடக்க வழி இருக்காது. ஒரு கதவுக்குக் கீல் போட நினைத்தால் பிட் ஒருவர் வண்டியில், கிளாம்ப் இன்னொருவர் வண்டியில். அதற்குப் பதில் பொருத்தும் வேலைக்கு ஒரு வண்டி: டிரில், பிட், ஸ்க்ரூ, கீல், மூலைமட்டம், கிளாம்ப் எல்லாம் அதில். தேய்ப்பதற்கும் பாலிஷுக்கும் ஒன்று. கிரைண்டருக்கும் வெல்டிங் சாமானுக்கும் ஒன்று. எந்த வேலை நடக்கிறதோ அந்த வண்டி வேலை நடக்கும் இடத்துக்குப் போகும், மற்றவை சுவரோரம் நிற்கும்.

மூன்றாவது வண்டியை மர வேலைப் பக்கம் வரவே விடாதீர்கள். கிரைண்டர் பொறி மரத்தூளில் விழுந்தால் உடனே தெரியாது, உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து ஆள் போன பிறகு பற்றும். இன்னொன்றும் உண்டு. இரும்புப் பொடி தேக்கில் படிந்து ஈரமும் சேர்ந்தால் கறுப்புப் புள்ளி விழும், அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. ஷெட்டின் எதிர் மூலையில் அந்த வண்டிக்கு இடம் ஒதுக்கி, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வையுங்கள்.

அப்போ சொந்தக் கருவி? உளியும் இழைப்புளியும் பொதுவில் வைக்கிற சாமான் இல்லை. "உளிய மட்டும் ஆருட்டயும் குடுக்காத மக்கா" என்று எனக்கு வேலை கற்றுத்தந்த மூத்த ஆசாரி சொல்வார். ஒவ்வொருவர் கைக்கும் தீட்டும் கோணம் மாறும், அதனால் அவர் சொன்னது முழுக்க நியாயம். இவற்றுக்குக் கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி போதும். வண்டியின் மேல்தட்டில் அந்தப் பெட்டி உட்கார ஒரு குழி விட்டுவிடுங்கள். வேலைக்கு வருகிறவர் தன் பெட்டியைக் கொண்டுவந்து உட்கார வைப்பார், போகும்போது எடுத்துப் போவார். ஆளுக்கொரு நிறத்தில் கைப்பிடியில் பெயின்ட் அடித்துவிட்டால் கேள்வியே எழாது.

சக்கரத்தில்தான் பலரும் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், அது கூடாது. இரண்டு அங்குலச் சக்கரம் ஒரு சின்ன மரச்சில்லில் முட்டினாலும் நின்றுவிடும், வண்டி முன்னால் சாயும். நாலு அங்குலம் போடுங்கள். 18 மி.மீ. பிளைவுட் எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்றே சுமார் 35 கிலோ வரும். கருவியும் சேர்ந்தால் வண்டி 150 கிலோவை எளிதாகத் தொடும். இதை நாலால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தால் ஒரு சக்கரம் எப்போதும் லேசாகத் தூக்கி நிற்கும், பாரம் மூன்றின் மேல்தான் விழும். ஆக ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 50 கிலோ தாங்க வேண்டும். நெருக்கமான ஷெட் என்றால் நாலும் திரும்புகிற சக்கரமாக இருந்தால்தான் பக்கவாட்டில் ஒதுக்க முடியும். அவற்றில் இரண்டுக்காவது பிரேக் வேண்டும். உருள்வதை மட்டும் நிறுத்துகிற பிரேக் போதாது, திரும்புவதையும் சேர்த்துப் பூட்டுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்த தரை என்றால் இது கட்டாயம். ஸ்க்ரூ அடிக்காமல் போல்ட், வாஷர், நட் போட்டே மாட்டுங்கள். இழுத்துத் தள்ளும்போது பிளைவுட்டிலிருந்து ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும்.

கனமானது கீழ் டிராயரில். நிறைந்த டிராயர் இரண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் வண்டி ஆள் மேல் கவிழும், இதைப் புதிதாக வருகிற பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வண்டியின் உயரம் அறுப்பு மேஜைக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவாக இருந்தால் நீளப் பலகை அறுக்கும்போது அதுவே தாங்கலாகவும் உதவும்.

அப்புறம் துரு. நம்ம குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை காற்றில் ஈரம் விடாது. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்பும் சேரும். இரும்பைக் கெடுப்பதில் மரத்தூளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உளியின் மேலேயே படுத்திருக்கும். அதனால் திறந்த தட்டு நல்லதல்ல, மூடுகிற டிராயர்தான் சரி. டிராயருக்குள் தூள் சேராமல் பிரஷ் போட்டுத் தட்டி, இரும்பு முகத்தில் மெஷின் ஆயிலைத் துணியால் லேசாகத் துடைத்துவிடுங்கள். சிலர் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அது நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துக்கொள்ளும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

வண்டி செய்ய ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் இறங்கும். நல்ல வாட்டர்புரூஃப் பிளைவுட் எடுத்து, வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் மறக்காமல் பெயின்ட் அடியுங்கள். பேட்டரி சார்ஜரை வண்டியில் மாட்டாதீர்கள், தூள் வராத சுவரில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பிளைவுட் வாங்கும் முன் ஒரு வேலை. பழைய அட்டைப்பெட்டியை வண்டியின் அளவுக்கு வெட்டி, நிறுத்த நினைக்கும் இடங்களில் தரையில் ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். எந்த அட்டை மிதிபட்டுக் கிழிகிறதோ அது வழியில் இருக்கிறது, அதை நகர்த்துங்கள். கிழியாத இடங்களில் மஞ்சள் பெயின்டால் கட்டம் போடுங்கள். வண்டி வெளியே போயிருக்கும்போதும் அந்தக் கட்டத்தில் யாரும் பலகை சாய்க்கக் கூடாது என்று நாலு பேரும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.